மழைப் படத்துல விட்டுப்போன அம்புக்குறி

ஸ்கூல் புக்ல நீர் சுழற்சின்னு ஒரு படம் வரும், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் கடல், மேல சூரியன், கடல்ல இருந்து வளைஞ்சு மேல போற அம்புக்குறி, அப்புறம் மேகம், மலை, மழை, ஆறு, திரும்ப கடல். படத்துல தப்பு எதுவும் கிடையாது. ஆனா தண்ணி போற வழிய மட்டும் தான் வரைஞ்சிருப்பாங்க, அந்தத் தண்ணி கூடவே சூடும் மேல போகுது, வேற எங்கயோ போய் இறங்குது, அதுக்கு ஒரு அம்புக்குறி கூட இருக்காது. என்னைக் கேட்டா வானிலைய புரிஞ்சுக்கணும்னா அந்த விட்டுப்போன அம்புக்குறியத் தான் முதல்ல பிடிக்கணும். புயல் எதுக்கு கடல்ல பொறக்குது, கடலுக்குப் பக்கத்துலயே எப்படி பாலைவனம் இருக்கு, பசிபிக்ல தண்ணி சூடானா இன்னொரு கண்டத்துல எதுக்கு மழை பொய்க்குது, எல்லாமே அங்க இருந்து தான் கிளம்புது.

ரெண்டு சின்ன விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். குளிச்சிட்டு ஈரத்தோட ஃபேனுக்கு அடில போய் நின்னா நடுங்குதுல்ல? ரூம்ல இருக்குற காத்து அதே சூட்டுல தான் இருக்கு, ஆனா உடம்பு மேல இருக்குற தண்ணி ஆவியாகணும்னா அதுக்கு சூடு வேணும், அத நம்ம தோல்ல இருந்து எடுத்துக்குது, அதான் குளிருது. இதுக்கு நேர் எதிர் இன்னொண்ணு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில வெளிய வச்சா அஞ்சு நிமிஷத்துல வெளிப்பக்கம் முத்து முத்தா வேர்க்கும். அது பாட்டில்ல இருந்து கசிஞ்ச தண்ணி இல்ல, காத்துல கண்ணுக்குத் தெரியாம இருந்த நீராவி குளிர்ந்து தண்ணியானது, இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நாம கவனிக்காதது என்னன்னா, அந்த ஒவ்வொரு முத்தும் உருவாகும்போது பாட்டிலுக்குள்ள கொஞ்சம் சூட்ட விட்டுட்டுப் போகுது. புழுக்கமான நாள்ல பாட்டிலோட சில்லு சீக்கிரம் போயிடறதுக்கு அது ஒரு பெரிய காரணம். ஆவியாகும்போது வாங்கின கடன, திரும்ப தண்ணியாகும்போது ஒரு பைசா பாக்கி இல்லாம அடைச்சிடுது. வாங்கின இடம் வேற, குடுக்குற இடம் வேற, அவ்ளோ தான். அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல இருக்குற தூரத்துல தான் நாம வானிலைன்னு சொல்றது பாதிக்கு மேல நடக்குது.

இந்தக் கடன் எவ்ளோ பெருசுன்னு பாருங்க. ஒரு லிட்டர் தண்ணிய 0 டிகிரில இருந்து 100 டிகிரி வரைக்கும் கொண்டுவர ஆகற சூட்ட விட, கொதிச்சு நிக்கிற அந்த ஒரு லிட்டரையும் முழுசா ஆவியாக்க 5 மடங்குக்கும் மேல சூடு வேணும். கடல் கொதிக்கணும்னு அவசியம் கிடையாது, 28 டிகிரில இருந்தாலும் மேல்பரப்புல இருந்து ஆவியாகிட்டே தான் இருக்கும், ஆனா ஒவ்வொரு லிட்டருக்கும் குடுக்க வேண்டிய சூடு கிட்டத்தட்ட அதே அளவு தான், சொல்லப்போனா கொஞ்சம் அதிகம். பூமியோட பரப்பு உள்வாங்குற சூரிய சக்தில ஏறக்குறைய பாதி இந்த ஆவியாக்குற வேலைக்கே போயிடுது.

இத இறங்குற பக்கத்துல இருந்து கணக்கு போட்டா இன்னும் நல்லா உறைக்கும். ஒரு சதுர கிலோமீட்டர் இடத்துல 1 செ.மீ. மழை பெய்யுதுன்னு வச்சுக்கோங்க, பெரிய மழையெல்லாம் இல்ல, சாதாரணமா ஒரு சாயங்காலம் பெய்யற மழை. அது 10,000 டன் தண்ணி. அவ்ளோ நீராவி மேல தண்ணியா மாறும்போது காத்துக்குள்ள விட்ட சூட்ட கரண்ட் கணக்குல சொன்னா சுமார் 70 லட்சம் யூனிட். ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு. மேகம் எதுக்கு அப்படிப் பொங்கிப் பொங்கி 10, 15 கிலோமீட்டர் உயரத்துக்குப் போகுதுன்னு இப்பப் புரியும், உள்ள அடுப்பு எரிஞ்சிட்டு இருக்கு. நீராவி தண்ணியாக ஆக சூடு வெளிய வருது, சூடான காத்து லேசாகி இன்னும் மேல ஏறுது, மேல போகப் போக குளிர்ந்து இன்னும் நீராவி தண்ணியாகுது, திரும்பவும் சூடு.

சரி, இவ்ளோ சூடு கடல் கிட்ட எப்படி சேருது? பூமில 71 சதவீதம் கடல், மொத்தத் தண்ணில கிட்டத்தட்ட 97 சதவீதம் அதுல தான் இருக்கு, இது ரெண்டும் எல்லாரும் சொல்றது. எனக்கு இத விட முக்கியமா படறது வேற ஒண்ணு. கடலோட மேல் 3 மீட்டர் தண்ணி இருக்குல்ல, ரெண்டு ஆள் உயரம் கூட முழுசா வராது, அந்த 3 மீட்டர ஒரு டிகிரி சூடாக்க எவ்ளோ சக்தி வேணுமோ அத வச்சு அதுக்கு மேல வானம் முட்ட நிக்கிற மொத்தக் காத்தையும் ஒரு டிகிரி சூடாக்கிடலாம். கடலோட சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர். அதுல மேல இருக்குற நூறு மீட்டர் மட்டும் காத்தோட கொடுக்கல் வாங்கல் வச்சிருந்தா கூட போதும், காத்து அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

கடற்கரைல மத்தியானம் செருப்பில்லாம நடந்து பாத்தவங்களுக்கு இது கால்லயே தெரியும். காஞ்ச மணல்ல கால் வைக்க முடியாது, ஓடணும், நாலு அடி தள்ளி தண்ணிக்குள்ள கால் வச்சா ஜில்லுன்னு இருக்கும். ரெண்டு மேலயும் ஒரே வெயில் தான் அடிச்சுது. மணல் வாங்கின சூட்ட மேல ரெண்டு மூணு அங்குலத்துலயே வச்சுக்குது, அதனால கொதிக்குது, தண்ணி அத ஆழத்துக்கு இறக்கி கலக்கி வச்சுக்குது, அது போக ஆவியா வேற செலவு பண்ணிடுது. ராத்திரி வந்தா தலைகீழ். மணல் சட்டுன்னு ஆறிடும், கடல் அதே வெதுவெதுப்புல கிடக்கும்.

இதையே கண்டம் அளவுக்குப் பெருசாக்கிப் பாருங்க. வட அட்லாண்டிக் நடுவுல ஃபாரோ தீவுகள்ல தோர்ஷவ்ன்னு ஒரு ஊர், சைபீரியா உள்ள யாகுட்ஸ்க்னு ஒரு ஊர், ரெண்டுமே பூமத்திய ரேகைல இருந்து வடக்கே ஏறக்குறைய ஒரே 62 டிகிரி. சூரியன் ரெண்டு ஊருக்கும் ஒரே மாதிரி தான் படி அளக்குது. ஆனா ஜனவரி சராசரி யாகுட்ஸ்க்ல மைனஸ் 35க்கும் கீழ, தோர்ஷவ்ன்ல பூஜ்யத்துக்கு மேல 3, 4 டிகிரி. ஜூலைல பாத்தா யாகுட்ஸ்க் 19, 20 டிகிரி வரைக்கும் போகும், தோர்ஷவ்ன் 11 டிகிரியத் தாண்டவே கஷ்டப்படும். கடல் கோடைல வாங்கி வச்சத குளிர்காலத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து விடுது, கோடைல வர்ற சூட்ட பெரும்பாலும் உள்ள இழுத்துக்குது. நடுநிலத்துல அந்த வேலைய பண்ண ஆளே கிடையாது.

இந்த ரெண்டு வேகத்துக்கும் இருக்குற வித்தியாசத்துல இருந்து தான் காத்து கிளம்புது. பகல்ல நிலம் சூடாகி அதுக்கு மேல இருக்குற காத்து லேசாகி ஏறுது, அங்க ப்ரெஷர் கொறையுது, கடல் பக்கத்துல இருந்து காத்து உள்ள வருது, அதான் கடற்காத்து, ராத்திரில திருப்பி அடிக்கும். பருவமழையையும் இதோட பிரம்மாண்டமான வடிவம்னு தான் ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்தாங்க, 1686லயே எட்மண்ட் ஹாலி, அதே வால்நட்சத்திரத்து ஹாலி தான், பருவக்காத்துக்கும் வியாபாரக் காத்துக்கும் (வெப்பமண்டலக் கடல்ல கிழக்குல இருந்து மேற்கா விடாம வீசற காத்து) ஒரு மேப் போட்டு சூரியச் சூடு தான் காரணம்னு எழுதினாரு. அந்தக் கருத்துல உண்மை இருக்கு, ஆனா முழுசா இல்ல. பூமத்திய ரேகையச் சுத்தி ஒரு மழைப் பட்டை இருக்கு, அது சூரியன் பின்னாடியே வடக்கயும் தெற்கயும் நகருது, தெற்காசியால நிலம் பெருசா இருக்குறதாலயும் வடக்க உயரமான மலைச்சுவர் நிக்கிறதாலயும் அது ரொம்ப தூரம் வடக்க ஏறிப் போயிடுது, கூடவே பூமி சுத்துறதால காத்து வளைஞ்சு அரபிக்கடல் வழியா ஈரத்த அள்ளிட்டு வருது. நிலம் சூடானா மட்டும் மழை வந்துடும்னா நிலம் உச்சபட்சமா கொதிக்கிற மே மாசத்துல தானே மழை கொட்டணும்? கொட்டாது. ஈரம் வந்து சேரணும், அதுக்கு கடல் மனசு வைக்கணும்.

அந்த ஈரம் மேல போய் எவ்ளோ நாள் இருக்கும்னு யோசிச்சிருக்கீங்களா? வானத்துல எப்பவும் தொங்கிட்டு இருக்குற மொத்த நீராவியையும் ஒரே நேரத்துல பிழிஞ்சு கீழ ஊத்தினா பூமி முழுக்க 2.5 செ.மீ. தான் வரும், விரல் ஒரு கணு அளவு. ஆனா பூமி முழுக்க சராசரியா வருஷத்துக்குப் பெய்யற மழை சுமார் 100 செ.மீ. அப்போ வானம் வருஷத்துக்கு 40 தடவை காலியாகி 40 தடவை நெரம்புது, அதாவது ஒரு துளி மேல தங்குறது 9 நாள் தான். இன்னைக்கு ஏதோ ஒரு ஊர்ல பெய்யற மழை போன வாரம் ஏதோ ஒரு கடல்ல இருந்த தண்ணியா இருக்கலாம். கடலுக்குள்ள போன தண்ணியோ சராசரியா மூவாயிரம் வருஷம் கிட்ட உள்ளயே கிடக்கும்.

கடல்ல இருந்து கிளம்புற தண்ணில பத்துல ஒன்பது பங்கு திரும்ப கடல் மேலயே மழையா விழுந்துடுது, மிச்சம் ஒரு பங்கு தான் நிலத்துக்கு வருது. ஆறு, ஏரி, நிலத்தடி நீர், பனிமலை, குடிக்கிற தண்ணி எல்லாமே கடைசில அந்த ஒரு பங்குக்குள்ள அடக்கம். நிலத்துக்கு வந்ததும் அது உடனே திரும்பிப் போயிடறதும் இல்ல, காடு அத இன்னும் ரெண்டு மூணு தடவை சுத்த விடும். அமேசான்ல ஒரு பெரிய மரம் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான லிட்டர் தண்ணிய இலை வழியா காத்துல விடுது, அட்லாண்டிக்ல இருந்து வந்த ஈரம் அப்படி மரத்துக்கு மரம் கை மாறி கண்டத்தோட உள்பக்கம் வரைக்கும் போய்ச் சேருது. நடுவுல காடு போச்சுன்னா கடல் அதே கடல் தான், ஆனா தூரத்துல இருக்குறவனுக்கு மழை வராது. மரத்த வெட்டினா மழை கொறையும்னு சொல்றத சும்மா ஒரு பேச்சா நினைக்கிறவங்க இருக்காங்க, அமேசான் விஷயத்துல அது தண்ணி கணக்கு.

மேகம் உருவாகறதுலயும் கடலுக்கு இன்னொரு பங்கு இருக்கு, உப்பு. நீராவி சும்மா காத்துல தானா துளியாகிடாது, ஒட்டிக்க ஏதாவது ஒரு துகள் வேணும், தூசி, புகை, இல்லனா உப்பு. அலை ஒடையும்போது வர்ற வெள்ள நுரைய கிட்டப் போய் பாத்தா குமிழிங்க படபடன்னு வெடிச்சிட்டு இருக்கும், ஒவ்வொரு குமிழி வெடிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளி தெறிச்சு காத்துல காஞ்சு உப்புத் துகளா மேல போகுது, அதச் சுத்தி மேகத்துளி உருவாகுது. ஒரு மேகத்துளி 0.02 மி.மீ. தான், அந்த மாதிரி பத்து லட்சம் துளி சேர்ந்தா தான் 2 மி.மீ. மழைத்துளி ஒண்ணு.

இவ்ளோ சொன்னதும், அப்போ கடல் பக்கத்துல இருந்தா மழை வரும்னு தோணும். சிலி நாட்டுல அட்டகாமா பாலைவனம் அந்த நினைப்ப ஒரே அடில ஒடைச்சிடும். உலகத்துலயே ரொம்ப வறண்ட இடங்கள்ல ஒண்ணு, ஆனா அது பசிபிக் பெருங்கடலோட கரைல இருக்கு. ஆப்பிரிக்கால நமீப் பாலைவனமும் அப்படியே, அட்லாண்டிக் கரைல. காரணம் ரெண்டு இடத்துலயும் கரைய ஒட்டி ஓடற கடல் நீரோட்டம் ஜில்லுன்னு இருக்கு, அட்டகாமாவுக்கு ஹம்போல்ட், நமீபுக்கு பென்குவேலா. ஏற்கனவே அந்த அட்சரேகைல மேல இருந்து காத்து கீழ அமுக்கிட்டு இருக்கு, போதாக்குறைக்கு குளிர்ந்த தண்ணி மேல படற காத்தும் குளிர்ந்து கனமாகிடுது, அது மேல ஏறவே ஏறாது. ஏறாத காத்துல மழை கிடையாது, பனிமூட்டம் மட்டும் தான் வரும். அட்டகாமாவுல அந்த மூட்டத்த வலை கட்டிப் பிடிச்சு தண்ணி எடுக்கிறாங்க. கண்ணு முன்னாடி ஒரு சமுத்திரமே இருக்கு, ஆனா அதுல மேல தூக்கிவிடுற அளவுக்கு சூடு இல்ல. விட்டுப்போன அம்புக்குறின்னு சொன்னேன்ல, அது இல்லாம தண்ணி மட்டும் இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு இத விட தெளிவா ஒரு இடம் காட்ட முடியாது.

அந்த கரைலயே கொஞ்சம் வடக்க போனா பெரு நாடு. சில வருஷம் அங்க கிறிஸ்துமஸ் சமயத்துல கடல் திடீர்னு வெதுவெதுன்னு ஆகிடும், மீன் காணாமப் போயிடும், அங்க மீனவங்க அதுக்கு வச்ச பேர் தான் எல் நினோ, குழந்தை இயேசுவக் குறிக்கிற ஸ்பானிஷ் சொல்லு. சாதாரணமா பசிபிக்ல கிழக்குல இருந்து மேற்கு நோக்கி வீசற காத்து மேல்பரப்புல இருக்குற சூடான தண்ணிய இந்தோனேசியா பக்கமா தள்ளிக் குவிச்சு வச்சிருக்கும், அங்க கடல் மட்டமே பெரு பக்கத்த விட அரை மீட்டர் உயரமா இருக்கும், பெரு பக்கத்துல இருந்து தள்ளப்பட்ட தண்ணிக்குப் பதிலா ஆழத்துல இருந்து குளிர்ந்த தண்ணி மேல வரும், மீனுக்கு சாப்பாடும் அதுல தான் வரும். காத்து தளர்ந்துச்சுன்னா குவிஞ்ச சூடு கிழக்க சரிஞ்சு வருது, அது எங்க போகுதோ அங்க மழையும் பின்னாடியே போகுது. 1998ல பெருவோட செசுரா பாலைவனத்துல மழை கொட்டி ஒரு பெரிய ஏரியே உருவாச்சு, பாலைவனத்துல. அதே நேரத்துல இந்தோனேசியா பக்கம் வறட்சி, காட்டுத்தீ.

இது ஒரு கரையோட பிரச்சனை இல்ல, பாதி உலகத்தோட விஷயம்னு கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1904ல கில்பர்ட் வாக்கர்னு ஒரு கணித ஆள் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையா வர்றாரு, மழை பொய்ச்சு லட்சக்கணக்கான பேர் செத்த பஞ்சங்கள் முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆகல, பருவமழைய முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு தான் அவருக்கு முன்னாடி இருந்த கேள்வி. அவரு உலகம் முழுக்க இருந்து காத்தழுத்த அளவுகள வாங்கி கையாலயே கணக்கு போட வச்சாரு, கம்ப்யூட்டர் கிடையாது, குமாஸ்தாக்கள் உக்காந்து போட்டது. அதுல ஒரு சீசா ஆட்டம் தெரிஞ்சுது, பசிபிக்ல அழுத்தம் ஏறினா இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குது, இங்க ஏறினா அங்க இறங்குது. 1924ல அதுக்கு தெற்கத்தி அலைவுன்னு பேர் வச்சாரு. எதுக்கு அப்படி ஆடுதுன்னு அவரால சொல்ல முடியல, பல பேர் அத நம்பவும் இல்ல. அவரு காத்த மட்டும் தான் பாத்தாரு, கடல்ல போதுமான அளவு எடுக்க அப்ப வழி கிடையாது. 1969ல யாக்கோப் பியர்க்னஸ்னு ஒரு வானிலை விஞ்ஞானி தான் பெருவோட சூடான தண்ணியையும் வாக்கரோட சீசாவையும் ஒண்ணா வச்சுப் பாத்து, ரெண்டும் ஒரே விஷயத்தோட ரெண்டு பக்கம்னு காட்டினாரு. காத்து கடல மாத்துது, மாறின கடல் காத்த இன்னும் மாத்துது, ஒண்ண ஒண்ணு தூண்டி விட்டுக்குது.

ஆனா எல் நினோ வந்தா மழை போச்சுன்னு கண்ண மூடிட்டு சொல்றது தப்பு. 1997ல வந்தது அந்த நூற்றாண்டோட ரொம்ப பலமான எல் நினோக்கள்ல ஒண்ணு, இந்தியால பருவமழை கிட்டத்தட்ட நார்மலாவே பெஞ்சுது. 2002ல மிதமான எல் நினோ தான், ஜூலை மாச மழை ஏறக்குறைய பாதியாக் கொறஞ்சு போச்சு. 1997 கணக்கு இப்படி மாறினதுக்கு ஒரு காரணமா சொல்றது இந்தியப் பெருங்கடல, அதுக்குள்ளயே மேற்குப் பக்கம் சூடாகி கிழக்குப் பக்கம் குளிர்ற ஒரு ஆட்டம் இருக்குன்னு 1999ல தான் பேர் வச்சு விளக்கினாங்க, இருமுனைன்னு சொல்றாங்க. 2019ல அது பலமா இருந்தப்ப கிழக்கு ஆப்பிரிக்கால வெள்ளம், ஆஸ்திரேலியால வறட்சியும் பெரிய காட்டுத்தீயும். ஒவ்வொரு கடலும் தனித்தனியா ஒரு கைய நீட்டி ஒரே கயித்த இழுக்குதுங்க, யார் கை ஓங்குதுன்னு வருஷத்துக்கு வருஷம் பாத்து தான் சொல்லணும்.

இப்ப புயலுக்கு வரலாம். கடல் மேல்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல இருக்கணும், அதுவும் மேல மட்டும் இல்லாம 50 மீட்டர் ஆழம் வரைக்கும் சூடு இருக்கணும், பூமத்திய ரேகைல இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கணும், ஏன்னா பூமி சுத்துறதால வர்ற திருப்பம் ரேகை மேல கிடையாது, கூடவே மேல் காத்தும் கீழ் காத்தும் வேற வேற பக்கம் இழுக்காம இருக்கணும். இதெல்லாம் சேர்ந்தா காத்து நடுவுல கூடி, வர்ற வழில கடல் கிட்ட இருந்து நீராவிய வாங்கிட்டு, மேல போய் மழையாக்கி சூட்ட விடுது, அந்தச் சூட்டால நடுவுல அழுத்தம் இன்னும் இறங்குது, இன்னும் வேகமா காத்து உள்ள வருது, வேகமா வர்ற காத்து கடல்ல இருந்து இன்னும் அதிகமா ஆவிய உறிஞ்சுது. பாட்டில் மேல முத்து முத்தா நின்னுச்சே, அதே சமாச்சாரம் தான், நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துல. நிலத்துக்குள்ள வந்ததும் புயல் ஏன் சாகுதுன்னா தண்ணி சப்ளை நின்னு போச்சு, அவ்ளோ தான் முக்கியமான காரணம்.

கடல் ரொம்பச் சூடா இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு 2023 அக்டோபர்ல மெக்சிகோவோட அகபுல்கோவத் தாக்கின ஓட்டிஸ் புயல பாருங்க. ஒரு நாளைக்கு முன்னாடி சாதாரண புயலா இருந்தது, கரையத் தொடும்போது அஞ்சாம் வகை, புயல் அளவுகோல்ல அதுக்கு மேல கிடையாது. தூங்கப் போகும்போது ஒண்ணு, நடுராத்திரி வந்தது வேற ஒண்ணு, ஊரக் காலி பண்ண நேரமே கிடைக்கல. 2017ல டெக்சாஸ்ல ஹார்வி வேற மாதிரி, நகராம ஒரே இடத்துல நின்னு மெக்சிகோ வளைகுடா தண்ணியத் தூக்கித் தூக்கி ஊத்துச்சு, ஒரு இடத்துல சில நாள்லயே 1,500 மி.மீ.க்கு மேல பதிவாச்சு. அதே 2023ல ஃப்ரெடின்னு ஒரு புயல் ஆஸ்திரேலியா பக்கம் கிளம்பி இந்தியப் பெருங்கடல் முழுக்க குறுக்க நடந்து மடகாஸ்கர், மொசாம்பிக் வரைக்கும் போச்சு, அஞ்சு வாரம் உயிரோட இருந்துச்சு, போற வழியெல்லாம் கடல் தீனி போட்டுட்டே இருந்துச்சு.

வங்காள விரிகுடால ஒரு விசேஷம் இருக்கு, அத சொல்லாம விட மனசு வரல. பொதுவா புயல் போனா கடல கலக்கி அடில இருக்குற குளிர்ந்த தண்ணிய மேல கொண்டு வந்துடும், அதனால தன் கால்ல தானே கொஞ்சம் வெட்டிக்கும். வங்காள விரிகுடால கங்கையும் பிரம்மபுத்திராவும் இன்னும் பல ஆறும் நல்ல தண்ணியக் கொண்டு வந்து கொட்டுது, அது லேசா இருக்குறதால உப்புத் தண்ணி மேல மூடி போட்ட மாதிரி மெதக்குது. அந்த மூடி கலக்க விடாது, சூடு மேலயே நிக்குது, புயலுக்கு வசதியாப் போயிடுது. 1970ல போலா புயல்ல குறைஞ்சது மூணு லட்சம் பேர் செத்துப் போனாங்க, அதுல பெரும்பாலும் காத்தால இல்ல, ஆழமில்லாத கடல் மேல ஏறி வந்த தண்ணியால. மேல மழையா பெஞ்சு ஆத்துல ஓடி கடலுக்குத் திரும்பி வந்த தண்ணி, அடுத்த புயலுக்குக் கடல தயார் பண்ணி வைக்குது, சுழற்சின்னு சொன்னா இத தான் சொல்லணும்.

இன்னொரு விஷயம், காத்துக்கு ஞாபகசக்தி ரொம்பக் கம்மி. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் எந்த நாள்ல எந்த ஊர்ல மழைன்னு யாராலயும் நம்பிக்கையா சொல்ல முடியாது, சொன்னா நம்பாதீங்க, சின்னப் பிழை கூட அதுக்குள்ள பெருசாகிடும். அப்புறம் எப்படி மூணு மாசம் கழிச்சு வர்ற பருவம் எப்படி இருக்கும்னு ஃபோர்காஸ்ட் குடுக்குறாங்க? கடல வச்சு தான். கடல் இன்னைக்கு வாங்கி வச்ச சூடு மாசக்கணக்குல அங்கயே இருக்கும், அது காத்த எந்தப் பக்கம் சாய்க்கும்னு கணக்கு போடலாம், அது தேதி சொல்லாது, சாய்வ மட்டும் சொல்லும். நடுவுல இன்னொண்ணு இருக்கு, 1971ல மேடன், ஜூலியன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது, மழை மேகக் கூட்டம் ஒண்ணு வெப்பமண்டலத்துல கிழக்கு நோக்கி 30ல இருந்து 60 நாள்ல உலகத்தச் சுத்தி வருது, அது இந்தியப் பெருங்கடல் மேல வரும்போது அங்க மழையும் புயலும் கூடும். பருவமழை சில வாரம் கொட்டி சில வாரம் ஓய்வெடுக்குறதுக்கு இதுக்கும் ஒரு பங்கு உண்டு.

கடைசியா, இப்ப மாறிட்டு இருக்குறது. மனுஷன் காத்துல விட்ட வாயுவால பூமில சேர்ந்த கூடுதல் சூட்டுல 90 சதவீதத்துக்கு மேல கடலுக்குள்ள தான் போயிருக்கு. காத்து ஒரு டிகிரி சூடானா அதால தாங்க முடியற நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க: சூடு கூடின கடல், அதிக நீராவி தாங்குற வானம், அப்போ பெய்யும்போது ஒரேடியா கொட்டுது, பெய்யாத இடத்துல நிலத்துல இருக்குற ஈரத்தையும் சீக்கிரம் உறிஞ்சிடுது. வெள்ளமும் வறட்சியும் எப்படி ஒண்ணா கூடும்னு கேக்குறவங்க நிறைய பேர், ரெண்டும் ஒரே தாகத்தோட வேலை தான்.

இதெல்லாம் இவ்ளோ உறுதியா சொல்ல முடியறதுக்குக் காரணம் ஆர்கோன்னு ஒரு மிதவைக் கூட்டம். முன்னாடியெல்லாம் கப்பல்ல போறவங்க ஒரு வாளியக் கயித்துல கட்டி இறக்கி தண்ணி மொண்டு அதுல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்த அளவு தான் பெரும்பாலும், கப்பல் போகாத இடத்துல ரொம்பக் கொஞ்சம் தான் தெரியும், ஆழத்துல இன்னும் கம்மி. 2000 வாக்குல இந்த மிதவைங்கள போட ஆரம்பிச்சாங்க, இப்ப உலகக் கடல் முழுக்க சுமார் 4,000 இருக்கு. ஆள் உயரத்துக்கு ஒரு உருளை, அத ஓட்ட ப்ரொப்பல்லர் கிடையாது, உள்ள இருக்குற எண்ணெய வெளிப்பைக்குத் தள்ளினா உடம்பு உப்பி மேல வரும், உள்ள இழுத்துக்கிட்டா முங்கும். 1,000 மீட்டர் ஆழத்துல இருட்டுல ஒன்பது நாள் நீரோட்டத்தோட அதுபாட்டுக்கு மெதந்துட்டு கிடக்கும், அப்புறம் 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்க இருந்து மேல வர்ற வழியெல்லாம் சூடு எவ்ளோ உப்பு எவ்ளோன்னு அளந்துகிட்டே வந்து, மேல தலைய நீட்டி சாட்டிலைட்டுக்கு அனுப்பிட்டு திரும்ப முங்கிடும். பத்து நாளைக்கு ஒரு தடவை, பேட்டரி தீர்ற வரைக்கும்.